ஏழாம் அத்தியாயம்: கடிகாரத் துடிப்பை விநியோகிக்கும் சில்லுகள்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில், வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி இறக்கிய தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் கூடத்திலே, சல்லடைகளுக்கு அப்பால், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு யந்திரம் நிற்பதை இப்போது பல இடங்களிலும் காணலாம். தொழிலாளரும் டீமேக்கரும் ஒருங்கே ‘கலர் சோட்டர்’ என்று வழங்கும் அந்த யந்திரம், கறுத்த இலைத் துகள்களின் இடையே வெளிறிய செந்நிறமாய்க் கலந்து கிடக்கும் காம்பையும் நாரையும் கமராக் கண்ணால் கண்டுபிடித்து, காற்றை ஊதி வெளியே தள்ளிவிடுகிறது. முன்னாளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை அது. 1890ஆம் ஆண்டில் லிப்டன் கட்டுவித்த தம்பத்தென்னைத் தொழிற்சாலையின் காலத்தில் ஒரு ஸ்டோரின் யந்திர ஞானம் என்பது பட்டியும் பற்சக்கரமும் எண்ணெயும் பற்றியதாகவே இருந்தது. இன்றோ, அதே மலைகளின் ஸ்டோர்களில், சுற்றுப்பலகையின்மேல் கடுகளவாய் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சில்லு தன் கடமையில் தவறினால், கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள உன்னத பருவத்தில் திரண்ட தேயிலை, தரம் பிரியாமல் குவிந்துபோய் நிற்கிறது.

பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வெலிமடையிலும் மின்னணுப் பழுது பார்க்கும் இளைஞர், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல், தாமே இத்தகைய பலகைகளைத் திறந்து பார்க்கத் தகுதி பெறவேண்டும் என்பதே இந்நூலின் நோக்கம். முந்திய அத்தியாயங்களில் மின்வழங்கியையும் வால்வுகளை இயக்கும் பகுதியையும் பார்த்தோம். இந்த அத்தியாயத்தின் விஷயம் சூட்சுமமானது. ஏனெனில், இங்கே நாம் ஆராயப்போவது மின்சாரத்தின் அளவை அன்று. அது வந்து சேரும் கணத்தை.

யந்திரத்தின் உள்ளே நடப்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நலம். மேலே உள்ள தொட்டியிலிருந்து அதிரும் தட்டின் வழியாகப் பரவி, சரிவான சட்டத்தில் வழுக்கி இறங்கும் தேயிலைத் துகள், கமராவின் எதிரே வரும்போது செக்கனுக்குச் சுமார் 3 மீற்றர் வேகம் பெற்றிருக்கும் என்று கொள்வோம். அப்படியானால், ஒரு மில்லி செக்கனில் அது 3 மில்லிமீற்றர் கீழே போய்விடுகிறது. கமரா, 2048 ஒளிக்கலங்கள் ஒரே கோட்டில் அமைந்த உணரியைக் கொண்டதாயின், அந்தக் கலங்களின் ஒளியளவை ஒன்றன்பின் ஒன்றாக, செக்கனுக்கு இரண்டு கோடி வீதம், அதாவது 20 மெகா ஹேட்ஸ் துடிப்புக்கு ஏற்ப வாசித்துக்கொண்டுபோனால், ஒரு கோட்டை வாசிக்க 102.4 மைக்ரோ செக்கன் செல்லும். அதற்குள் துகள் நகர்வது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். யந்திரத்துக்கு யந்திரம் இந்த எண்கள் வேறுபடும் என்றாலும், கணக்கின் போக்கு எங்கும் இதுவே.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. 20 மெகா ஹேட்ஸ் துடிப்பில் ஒரு கலத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 50 நனோ செக்கன் மட்டுமே. அந்த 50 நனோ செக்கனிலும், உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறி, தளும்பி, அடங்கி, அசையாமல் நிற்கும் பகுதி மிகக் குறுகியது. அந்தக் குறுகிய இடைவெளியில்தான் அதனை அளந்து எண்ணாக மாற்றும் சில்லு தன் மாதிரியை எடுக்கவேண்டும். உணரியை ஓட்டும் துடிப்பும் அளக்கும் சில்லுக்குச் செல்லும் துடிப்பும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையே ஆயினும், ஒன்று மற்றொன்றைவிடச் சில நனோ செக்கன் பிந்தி வருமானால், அளவை அடங்கிய நிலையில் எடுக்கப்படாமல், பக்கத்துக் கலத்தின் ஒளியும் கலந்த நிலையில் எடுக்கப்பட்டுவிடும். அப்போது காம்பின் ஓரம் மங்கித் தெரியும். நல்ல இலையின் பளபளப்பு காம்பைப்போல் தோன்றும். யந்திரம் நிற்பதில்லை, எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை. தேயிலை மட்டும் தரம் கெட்டு இறங்குகிறது. அதைக் கண்டு, கொழுந்தில் குறையோ, வாட்டலில் குறையோ என்று ஸ்டோர் முழுவதும் தேடுகிறார்கள். காலத்தைச் சார்ந்த தோஷம் எப்போதும் வேறொன்றின் வேஷத்தில் வரும் என்பதை இந்தத் துறையில் புகுவோர் முதற்பாடமாகக் கொள்ளவேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அதிகாலையில் பெரட்டுக்கு அழைக்கத் தப்பு அடித்த காலத்தில், தப்படித்த இடத்துக்கு அண்மையிலிருந்த லயத்தாருக்கு ஓசை உடனே கேட்டது; ஒரு கிலோமீற்றர் அப்பால், மலைத் திருப்பத்துக்குப் பின்னே இருந்த லயத்தாருக்கோ அது மூன்று செக்கன் கழித்தே கேட்டது, அதுவும் காற்றின் போக்கைப் பொறுத்து மங்கியோ எதிரொலித்தோ கேட்டது. சுற்றுப்பலகையில் செம்புக் கோட்டின் வழியே ஓடும் துடிப்பு ஒரு நனோ செக்கனில் சுமார் 15 சென்றிமீற்றர் தூரம் செல்கிறது. தூரம் வேறுபட்டால் நேரம் வேறுபடும். வழியில் தடையிருந்தால் உருவம் சிதையும். மோதித் திரும்பினால் ஒன்று இரண்டாகக் கேட்கும். கடிகாரத் துடிப்பை விநியோகிக்கும் கலை முழுவதும் இந்த மூன்று தீங்குகளையும் தடுப்பதில் அடங்கியிருக்கிறது.

துடிப்பு பிறக்குமிடம் ஒரு பளிங்கு அலைவி. சிறிய உலோக மூடிக்குள் அடங்கிய அந்த அலைவி, பெரும்பாலும் 15 பிக்கோ பரட்டு அளவான சுமையைத் தாங்கும் என்ற நிபந்தனையோடு விற்கப்படுகிறது. ஒரு சில்லின் உள்வாங்கும் கால் ஒவ்வொன்றும் சுமார் 5 பிக்கோ பரட்டு எனவும், செம்புக் கோட்டின் ஒவ்வொரு சென்றிமீற்றரும் ஒரு பிக்கோ பரட்டுக்குச் சற்று மேல் எனவும் கொண்டால், ஐந்து சில்லுகளையும் அவற்றை இணைக்கும் 40 சென்றிமீற்றர் கோட்டையும் நேரே அலைவியில் மாட்டுபவர், அது தாங்கவேண்டியதைப்போல் நான்கைந்து மடங்கு சுமையை அதன்மேல் ஏற்றிவிடுகிறார். துடிப்பின் செங்குத்தான ஏற்றம் சாய்வாகிறது; சாய்வான ஏற்றத்தை ஒவ்வொரு சில்லும் ஒவ்வோர் உயரத்தில் ‘வந்துவிட்டது’ என்று கணிக்கிறது; அவற்றுள் ஒன்று எரிந்து குறுக்குச் சுற்றானால், மற்ற நான்கும் அதனோடு ஊமையாகின்றன. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க அலைவிக்கும் சில்லுகளுக்கும் நடுவே வைக்கப்படுவதே குளொக் பஃபர். ஒரு துடிப்பை வாங்கி, நான்கோ எட்டோ பன்னிரண்டோ கால்களின் வழியாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலிமை கொடுத்து, ஒரே கணத்தில் வெளியிடுவது அதன் தொழில்.

‘ஒரே கணத்தில்’ என்ற அந்தச் சொல்லுக்காகவே நாம் பணம் கொடுக்கிறோம். துடிப்பு உள்ளே புகுந்து வெளியே வர எடுக்கும் காலம் தாமதம். அது எல்லாக் கால்களுக்கும் பொதுவாக இருக்குமட்டும் பெரும்பாலும் தீங்கில்லை. கால்களுக்கிடையே தாமதத்தில் நேரும் வேற்றுமையே பிசகு. தரவுத்தாளில் ‘ஸ்கியூ’ என்ற தலைப்பின் கீழ் இதனைக் காணலாம். ஒரு காலிலேயே, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி நிலையாக இல்லாமல் அலைவது நடுக்கம். அது ‘ஜிட்டர்’ என்ற தலைப்பில் வரும். பிசகுக்கும் ஈரெல்லை உண்டு: ஒரே சில்லின் கால்களுக்கிடையே உள்ளது ஒன்று, அதே இலக்கமுடைய இரண்டு சில்லுகளுக்கிடையே உள்ளது மற்றொன்று. பின்னது எப்போதும் முன்னதைவிடப் பன்மடங்கு பெரியதாக இருக்கும் என்பதால், இரண்டு கமராக்களுக்கு இரண்டு தனிப் பஃபர்களை வைத்துவிட்டு, தரவுத்தாளின் சிறிய எண்ணை நம்பியிருப்பது பேதைமை.

நடுக்கம் கூடும் விதமும் விசேஷமானது. அலைவியின் நடுக்கம் 3 பிக்கோ செக்கனாகவும் பஃபர் சேர்ப்பது 4 பிக்கோ செக்கனாகவும் இருந்தால், விளைவது 7 அன்று, 5. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். ஆகையால் மோசமான அலைவியின் பின்னே எவ்வளவு உயர்ந்த பஃபரை வைத்தாலும் பயன் சிறிது. நல்ல அலைவியின் பின்னே தாழ்ந்த பஃபரை வைத்தாலோ நஷ்டம் பெரிது.

பழைய பலகைகள் சிலவற்றில் இந்த வேலைக்கு 74எச்சி244 போன்ற சாதாரணத் தருக்கச் சில்லையே வைத்திருப்பார்கள். எட்டு வாயில்களை உடைய அது, 5 வோல்ற்றில் சுமார் 10 நனோ செக்கன் தாமதத்தோடு துடிப்பை வெளியிடும். வெப்பமும் சுமையும் மின்னழுத்தமும் மாறினால் அந்தத் தாமதம் இருமடங்கு வரையும் போகக்கூடும். வாயிலுக்கு வாயில் உள்ள வேற்றுமைக்கு உற்பத்தியாளர் கடிகாரத் தரத்தில் எந்த உறுதியும் அளிப்பதில்லை. மெதுவான சுற்றுகளுக்கு அது போதும். ஆனால் விநியோகத்துக்கென்றே செய்யப்பட்ட சில்லுகளின் நிலை வேறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிடிசிஎல்விசி1104, ஒன்றை நான்காக்கும் சிறு சில்லு; 3.3 வோல்ற்றில் 250 மெகா ஹேட்ஸ் வரை இயங்கும், கால்களுக்கிடையே பிசகு 50 பிக்கோ செக்கனுக்கு மேற்படாது. ரெனெசாஸ் நிறுவனம் இப்போது விற்கும் ஐசிஎஸ்553 என்பதும் ஒன்றை நான்காக்குவதே. 200 மெகா ஹேட்ஸ் வரை பயன்படும், எட்டுக் காலுடைய பெரிய உறையில் கிடைப்பதால் கையால் ஒட்டுவதற்கும் எளிது. 50 பிக்கோ செக்கன் என்பது செம்புக் கோட்டில் ஏழரை மில்லிமீற்றர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். சில்லு அவ்வளவு நேர்த்தியாக இருக்க, அதன் வெளியே ஒரு கோட்டை ஐந்து சென்றிமீற்றர் நீளமாகவும் மற்றொன்றைப் பதினைந்து சென்றிமீற்றர் நீளமாகவும் இழுத்துவிட்டால், அந்த நேர்த்தி முழுவதும் வீணாகிறது.

இன்னொரு ஜாதியும் உண்டு. சைப்ரஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தி, 2020இல் அந்நிறுவனத்தை வாங்கிய இன்ஃபினியனிடம் சென்ற சிஒய்2305 போன்றவை, தாமதமே இல்லாத பஃபர்கள் எனப்படும். தாமதம் இல்லை என்றால் மாயம் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு கட்டப்பூட்டு வளையம் இருந்து, வெளியேறும் துடிப்புகளில் ஒன்றைத் திரும்ப வாங்கி, உள்வரும் துடிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக நிற்கும்வரை தன் அலைவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஒப்பிடும் காலில் சற்றுக் கூடுதலான கொள்ளளவை ஏற்றினால் மற்றக் கால்களின் துடிப்புகள் முந்திக்கொள்ளும். சிலர் இதனை உபாயமாகவே கையாள்கிறார்கள். பழுதுபார்ப்பவர் அறியவேண்டிய பிரதான விஷயம் வேறொன்று. இந்த ஜாதி 10 மெகா ஹேட்ஸுக்குக் கீழே இயங்காது. துடிப்பு தொடங்கியபின் பூட்டிக்கொள்ள ஒரு மில்லி செக்கன்வரை செல்லும். கோட்டுக்குக் கோடு துடிப்பை நிறுத்தித் தொடங்கும் சுற்றில் இதனைக் கொண்டுபோய் வைத்தால், ஒவ்வொரு முறையும் அது பூட்டுமுன்னே கோடு முடிந்துவிடும். கால்களின் எண்ணிக்கை பொருந்துகிறதே என்று சாதாரணப் பஃபரின் இடத்தில் இதனையும், இதன் இடத்தில் சாதாரணப் பஃபரையும் மாற்றி வைப்பது, என் அபிப்பிராயத்தில், இந்தத் தொழிலில் செய்யக்கூடிய தவறுகளுள் மிகவும் செலவு மிக்கது. ஏனென்றால் யந்திரம் ஓடவும் செய்யும், சரியாக ஓடவும் செய்யாது.

இனித் துடிப்பு பலகையை விட்டுக் கம்பி வழியாகக் கமராத் தலைக்குச் செல்லும் பகுதி. அதிரும் தட்டும் காற்று வால்வுகளும் மோட்டார்களும் நிறைந்த யந்திரத்தில் ஒற்றைக் கம்பியில் துடிப்பை அனுப்பினால், வழியிலுள்ள இரைச்சல் யாவும் அதில் ஏறிக்கொள்ளும். ஆகவே துடிப்பையும் அதன் நேர்மாறான உருவத்தையும் முறுக்கிய இரட்டைக் கம்பியில் சேர்த்தனுப்பி, மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வர். இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுவதால் வித்தியாசத்தில் அது மறைந்துவிடுகிறது. எல்விடிஎஸ் என்ற முறை இதில் மிகப் பரவலானது. அனுப்பும் சில்லு 3.5 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை ஜோடியில் செலுத்த, மறுமுனையில் உள்ள 100 ஓம் தடையில் அது 350 மில்லி வோல்ற்றாகத் தோன்றுகிறது. இரு கம்பிகளின் சராசரியும் 1.2 வோல்ற்றுக்கு அண்மையில் நிற்கும்.

இந்த 100 ஓம் தடையே பழுது பார்ப்பவருக்குப் பெரிய உபகாரி. யந்திரத்தின் மின்சாரத்தை முற்றாக நிறுத்தி, ஜோடியின் இரு முனைகளிலும் மல்ற்றிமீற்றரை வைத்துப் பாருங்கள். 100 ஓமை ஒட்டிய அளவு வந்தால் கம்பியும் இணைப்பியும் தடையும் செம்மையாக உள்ளன. பல கிலோ ஓம் காட்டினால், கம்பியோ இணைப்பியின் ஊசியோ அறுந்திருக்கவேண்டும். அதிர்வு ஓயாத யந்திரத்தில் இணைப்பியின் ஊசி தளர்வது மிகச் சாதாரணம். 50 ஓம் காட்டினால், யாரோ கமராத் தலையை மாற்றும்போது, உள்ளேயே தடை உடைய பலகைக்கு வெளியேயும் ஒரு தடையை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கொள்க. துடிப்பின் உயரம் பாதியாகிவிட்டிருக்கும், யந்திரம் குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடானபின் தடுமாறும்.

பலகைக்குள்ளேயே ஒற்றைக் கோட்டில் செல்லும் துடிப்புக்கு இதற்கு ஈடான ஏற்பாடு, பஃபரின் காலை ஒட்டி வைக்கப்படும் தொடர் தடை. கோட்டின் தன்மைத் தடை 50 ஓம், சில்லின் உள்தடை சுமார் 17 ஓம் என்றால், மீதி 33 ஓமை அந்தச் சிறு தடை நிரப்புகிறது. அதனால், கோட்டின் கோடியில் மோதித் திரும்பும் அலை வந்த இடத்திலே அடங்கிவிடுகிறது. துடிப்பின் ஏற்றம் ஒரு நனோ செக்கனில் நிகழுமானால், இரண்டரை சென்றிமீற்றருக்கு மேற்பட்ட எந்தக் கோட்டுக்கும் இது அவசியம். எரிந்த பஃபருக்குப் பதிலாகப் புதிய தலைமுறைச் சில்லை வைத்தபின், முன்னர் இல்லாத கோளாறு தோன்றுகிறதென்றால், பெரும்பாலும் காரணம் இதுவே: புதிய சில்லின் ஏற்றம் அரை நனோ செக்கனாக விரைந்துவிட்டதால், பழைய சில்லின் மந்தத்தில் மறைந்திருந்த எதிரொலி இப்போது வெளிப்படுகிறது. சில்லைக் குறை சொல்லாமல், 33 ஓமை 39 ஆகவோ 47 ஆகவோ மாற்றி, கோட்டின் கோடியில் துடிப்பின் தோள் தட்டையாகும்வரை பார்த்துப் பார்த்துச் சரிசெய்யவேண்டும்.

பரிசோதனைக்குச் செல்வோம். அலைகாட்டி இல்லாதவர்கள் மனம் தளரவேண்டாம். சாதாரண மல்ற்றிமீற்றரின் நேரோட்ட வரிசையில், முனையில் 10 கிலோ ஓம் தடை ஒன்றை ஒட்டிக்கொண்டு, பஃபரின் ஒவ்வொரு காலையும் தொட்டுப் பாருங்கள். அந்தத் தடை, மீற்றரின் நீண்ட கம்பி துடிப்பின்மேல் சுமையாகாமல் காக்கும். 3.3 வோல்ற்றில் இயங்கும் துடிப்பு பாதி நேரம் மேலேயும் பாதி நேரம் கீழேயும் இருப்பதால் சராசரி 1.65 வோல்ற்றுக்கு அண்மையில் நிற்கவேண்டும். பூச்சியமோ 3.3ஓ காட்டும் கால் உறைந்துவிட்டது. மூன்று கால்கள் 1.65 காட்ட, நான்காவது 0.9 காட்டினால், அந்தக் கால் மட்டுமோ அது செல்லும் இடமோ பழுது. தொடர் தடையின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால், குற்றம் சில்லினுடையதா அப்பாலுள்ளதா என்பது வெளியாகிவிடும். நான்கும் பூச்சியமானால், சில்லைக் கழற்றுமுன், அதன் இயக்கு அனுமதிக் காலைப் பாருங்கள். சிடிசிஎல்விசி1104இல் அந்தக் கால் மேல் நிலையில் இருந்தாலன்றி ஒரு காலும் வாய் திறக்காது.

அலைகாட்டி உள்ளவர்கள் அதன் எல்லையை அறிந்து உபயோகிக்கவேண்டும். 100 மெகா ஹேட்ஸ் அலைகாட்டி தன்னளவிலேயே 3.5 நனோ செக்கன் ஏற்றம் உடையது. ஒரு நனோ செக்கனில் எழும் துடிப்பையும் அது சாய்வாகவே காட்டும், பிக்கோ செக்கன் பிசகை அது காட்டவே காட்டாது. ஆயினும் இரண்டு கால்களுக்கிடையே ஒரு நனோ செக்கனை ஒட்டிய பிசகு இருந்தால் இரு வழிகளிலும் ஒருசேரப் பார்த்து உணரலாம். பத்துக்கு ஒன்று நிலையில் புரோபை வைத்து, முதலை வாயுடைய நீண்ட தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, புரோபின் நுனியிலேயே சிறு சுருள் கம்பியால் தரையைத் தொடவேண்டும். நீண்ட தரைக் கம்பி காட்டும் தளும்பலைப் பலகையின் தளும்பல் என்று நம்பி, நல்ல பலகையைக் கெடுத்தவர்கள் உண்டு. முதலில் ஒரு முறை அளந்தபின், இரு புரோப்களையும் இடம் மாற்றி மறுபடி அளக்கவேண்டும். பிசகு கால்களோடு நின்றால் அது பலகையினுடையது. புரோபோடு நகர்ந்தால் அது புரோபினுடையது.

மலைநாட்டுக்கே உரிய சில தோஷங்களைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டுச் சேவைக் கையேடுகளில் இவை பெரும்பாலும் காணப்படா. கடல்மட்டத்துக்கு 1400 மீற்றருக்கு மேலே உள்ள அப்புத்தளைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் காலை மூடுபனி கூடத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. தேயிலைத் தூசியோ ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. காற்றாடி இழுத்துக்கொண்டுவந்து பலகையில் படிந்த தூசி, இரவின் குளிரில் ஈரம் கொண்டு, பளிங்கின் இரு கால்களுக்கும் இடையே மெல்லிய பாலமாகிறது. பளிங்கைத் தனியாக ஒரு சில்லோடு இணைத்து அலைவியாக்கும் சுற்றில், அதனைத் தொடக்கிவிடும் தடை ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். சில நூறு கிலோ ஓம் அளவான ஈரக் கசிவு அந்த நுண்ணிய சமநிலையைக் குலைத்துவிடும். காலையில் எழும்பாத யந்திரம், யாரோ மூடியைத் திறந்து வெயிலில் வைத்தபின், அல்லது வெப்பக்காற்று ஊதியபின், ஒன்றுமே நடவாததுபோல் ஓடத் தொடங்குகிறதென்றால், பஃபரையோ அலைவியையோ மாற்றவேண்டியதில்லை. மெல்லிய மயிர்த் தூரிகையால் தூசியை நீக்கி, ஐசோபுரொப்பைல் அற்ககோல் கொண்டு பளிங்கின் கால்களையும் அதன் அடிப்பக்கத்தையும் கழுவி, நன்றாக உலர்த்தி, அந்தப் பகுதிக்கு மட்டும் பாதுகாப்புப் பூச்சு இடுங்கள். இணைப்பிகளின்மேல் பூச்சு படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

இடி மற்றொன்று. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும், இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பிற்பகல்களில் ஊவாவின் மலைகள்மேல் விழும் இடியின் தாக்கம், மின்வழங்கியைக் கடந்து வராவிட்டாலும், நீண்ட கமராக் கம்பிகளின் வழியாகப் பஃபரின் கால்களை வந்தடைகிறது. அத்தகைய பலகையில் ஒரு கால் இறந்து மற்றவை உயிரோடிருப்பதைக் காணலாம். மிஞ்சிய கால்களை நம்பி, பயன்படாத ஒரு காலுக்குக் கம்பியை மாற்றிக்கொடுத்து யந்திரத்தை ஓட்டுவது அன்றைய கொழுந்தைக் காப்பாற்றும் தற்காலிக உபாயமாகலாம். ஆனால் அதிர்ச்சி கண்ட சில்லின் மற்றக் கால்களிலும் நடுக்கம் ஏறியிருக்கக்கூடும் ஆதலால், கூடிய விரைவில் முழுச் சில்லையும் மாற்றிவிடவேண்டும்.

மாற்றும்போது பார்க்கவேண்டியவை பல எனினும், முதலாவது மின்னழுத்தம். 2.5, 3.3, 5 வோல்ற்றுச் சில்லுகள் ஒரே உறையில் வருகின்றன. 5 வோல்ற்றுப் பலகையில் 3.3 வோல்ற்றுச் சில்லை வைத்தால் அது புகையாகுமுன் சிறிது நேரம் வேலையும் செய்யும். அடுத்து, கால்களின் ஒழுங்கும் அனுமதிக் காலின் திசையும். பின்னர் பிசகும் ஏற்ற வேகமும். பயன்படுத்தாத வெளிக்கால்களைத் தரவுத்தாள் சொல்லுகிறபடி திறந்தே விடலாம். பயன்படுத்தாத உள்வாங்கும் கால்களை மட்டும் ஒருபோதும் அந்தரத்தில் விடலாகாது. புறக்கோட்டைக் கடைகளிலோ இணைய வழியிலோ மலிவாகக் கிடைக்கும் சில்லுகளில், மேலெழுத்தைச் சுரண்டி வேறெழுத்து அச்சிட்டவை கலந்திருக்கலாம். பூதக்கண்ணாடியின் கீழே மேற்பரப்பில் ஒரே திசையில் நுண்கீறல்கள் தெரிந்தால் அதனைக் கமராப் பலகையில் வைக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பத்து நாள் காத்திருந்து வாங்கும் சில்லு, முடிவில் மலிவானதே.

சிறிய உறையில் கால்களுக்கிடையே 0.65 மில்லிமீற்றரே உண்டு. கூடத்தின் உலர்ந்த சூட்டில் தேயிலைத் தூசி உராய்ந்து நிலைமின் ஏறுமாதலால், பலகையை அங்கே திறந்துவைத்து ஒட்டாமல், அலுவலக அறைக்கோ தம் கடைக்கோ கொண்டுசென்று, மணிக்கட்டில் தரைப்பட்டி அணிந்து வேலை செய்யவேண்டும். புதிய சில்லின் மின்வழங்கும் காலுக்கும் தரைக்கும் நடுவே உள்ள 0.1 மைக்ரோ பரட்டுக் கொள்ளளவியைச் சேர்த்து மாற்றிவிடுவது நல்ல வழக்கம். இடி கண்ட பலகையில் அதுவும் நோயாளியே. மின்வழங்கியின் இரைச்சல் அந்தக் காலின் வழியாகவே பஃபருக்குள் புகுந்து நடுக்கமாக வெளியேறுகிறது.

பழுதுபார்ப்பதோடு நில்லாமல் தாமே பலகை வரைய விரும்புவோர்க்கு இரண்டொரு வார்த்தை. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமே ஒரு பட்டப்படிப்பாக இருக்கும் இந்தக் காலத்தில், அந்த விருப்பம் இங்கே பலருக்கு எழுவது இயல்பு. பஃபரைப் பலகையின் நடுவே, அலைவியை அதற்கு மிக அருகே வையுங்கள். வெளியேறும் கோடுகள் யாவும் ஒரே நீளமாயிருக்க, அண்மையிலுள்ள சில்லுக்குச் செல்லும் கோட்டைச் சற்று வளைத்து நீட்டுங்கள். 15 மில்லிமீற்றர் வேற்றுமை ஏறத்தாழ 100 பிக்கோ செக்கன் என்பதை மறவாதீர்கள். கோட்டின் கீழே தரைத் தகடு பிளவின்றி ஓடட்டும். ஒரு கோட்டிலிருந்து நடுவழியில் கிளை பிரித்து இன்னொரு சில்லுக்குக் கொடுக்கும் ஆசையை அடக்குங்கள். அதற்கு இன்னொரு காலுடைய பஃபரை வாங்குவதே முறை.

பலகையைத் திரும்பப் பூட்டியபின், யந்திரத்தை வெறுமையாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய நிலையில் பஃபரின் கால்களை மறுபடி அளக்கவேண்டும். அதன்பிறகு டீமேக்கரிடம் கேட்டு, காம்பு நீக்கிய தேயிலை ஒரு கிலோவில், எண்ணிய காம்புத் துண்டுகளைக் கலந்து யந்திரத்தில் இட்டு, எத்தனை வெளியே தள்ளப்பட்டன, அவற்றோடு நல்ல இலை எவ்வளவு போயிற்று என்பதை நிறுத்துப் பார்க்கவேண்டும். அந்த எடைகளையும், குளிரிலும் சூட்டிலும் அளந்த வோல்ற்றுகளையும், வைத்த சில்லின் முழு இலக்கத்தையும், தொடர் தடையின் அளவையும் ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, யந்திரக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அந்தக் கதவைத் திறப்பவர், எந்த அளவிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்வார்.